கடிதம் வாசித்த காலமும் கதைக்கிற கருவியும்

(எமது சங்கத்தின் பெற்றோர், முதியோர், இளையோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது. பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பராபவ வருடம் பிறக்கப் போகிறது. புத்தாண்டு என்றால் மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்பு உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்கி, இனசனத்தின் வீடுகளுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். ஆளை ஆள் தேடிப் போகிற நாள் அது. அதை முன்னிட்டு நடக்கும் இந்தக் கூட்டத்தில், "மனிசருக்குப் பதிலாக மெசின் துணையாக இருக்குமோ?" என்ற விடயத்தைப் பற்றிப் பேசும்படி நிர்வாகம் கேட்டுக்கொண்டது. நல்ல பொருத்தம் என்றுதான் நினைக்கிறேன்.

இளம் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரியாட்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லுகிறேன். கொம்பியூட்டரிலும் கைத்தொலைபேசியிலும் இப்போது ஒரு விதமான புரோகிராம் இருக்கிறது. நாங்கள் எழுதினால் எழுத்தில் பதில் தரும். பேசினால் பேசும். தமிழிலும் பேசும். "இண்டைக்கு மனம் சரியில்லை" என்றால், என்ன நடந்தது என்று கேட்கும். செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏஐ என்று சொல்லுகிறார்கள். 2022 நவம்பரில் சட்ஜிபிரி வந்த பிறகுதான் இது வீட்டுக்கு வீடு வந்தது. ஆனால் சிநேகிதனாக, காதலியாக, துணையாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டவை அதற்கு முன்னரே உண்டு. ரெப்ளிக்கா என்ற ஒன்று 2017 இல் வந்தது. அதை உருவாக்கிய பெண்மணி, விபத்தில் இறந்துபோன தன் நண்பன் முன்பு எழுதிய செய்திகளைச் சேர்த்து, அவனைப் போலவே பதில் எழுதும் புரோகிராம் ஒன்றை முதலில் செய்து பார்த்தவர். பிரிவும் தனிமையும்தான் இதற்கு விதை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதையின் தொடக்கம் இன்னும் பழையது. தொடக்கி வைத்தவர் எங்களைப் போல ஒரு அகதி. அவரும் நாங்கள் இப்போது வாழுகிற இதே ஜேர்மனியோடு சம்பந்தப்பட்டவர்.

யோசெவ் வைசன்பவும் 1923 இல் பேர்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கிற்லரின் ஆட்சி வந்தது. 1936 இல், 13 வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். மொழி தெரியாத நாட்டில் பள்ளிக்கூடம் போய், படித்து, எம்.ஐ.ரி. என்ற பெயர்பெற்ற நிறுவனத்தில் கணனித்துறைப் பேராசிரியரானார். 1966 இல் 'எலைசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். மனநல வைத்தியர் ஒருவர் நோயாளியோடு கதைப்பது போல அது கதைக்கும். உள்ளுக்குள் பெரிய வித்தை ஒன்றுமில்லை. "அம்மா" என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும். பல வேளைகளில், நாங்கள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அவ்வளவுதான்.

வைசன்பவுமின் செயலாளராக இருந்த பெண் அவர் இதைச் செய்வதை மாதக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இது வெறும் புரோகிராம் என்று நன்றாகத் தெரிந்தவர். ஒரு நாள் அதோடு நாலு வசனம் கதைத்துவிட்டு, பேராசிரியரைப் பார்த்து, கொஞ்சம் அறைக்கு வெளியே போகச் சொல்லிக் கேட்டாராம். தனியாகக் கதைக்க வேணுமாம்! வைசன்பவும் திடுக்கிட்டுப் போனார். 1976 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கணனியால் செய்ய முடிந்தாலும் கணனியிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் இருக்கின்றன, ஒரு மனிதனின் துயரத்தைக் கேட்பது அவற்றில் ஒன்று என்பது அவர் வாதம். 1996 இல் பேர்ளினுக்கே திரும்பி வந்து, 2008 இல் காலமாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எலைசாவோடு ஒப்பிட்டால் இன்றைய ஏஐ எங்கேயோ போய்விட்டது. மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பழக்கப்பட்டது அது. அடுத்து எந்தச் சொல் வர வேண்டும் என்று கணித்துக் கணித்து வசனம் கட்டுகிறது. அதற்கு மேலே, எந்தப் பதில் ஆட்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து அதைத் திருத்துகிறார்கள். ஆகவே அது எங்களுக்குப் பிடித்த மாதிரிப் பேசப் பழகிக்கொள்ளுகிறது. 2025 ஏப்ரலில் சட்ஜிபிரி அளவுக்கு மிஞ்சி ஆமாம் போடத் தொடங்கி, கொம்பனியே அந்த மாற்றத்தைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது.

இதோடு கதைக்கிற ஆட்களை ஏளனம் செய்ய நான் வரவில்லை. ஏன் கதைக்கினம்? இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்குக் கதைக்க ஆள் இல்லை. டொச் மொழி பிழையாகப் பேசினால் அது சிரிக்காது. பிள்ளைகள் வேறு நகரங்களில். இதெல்லாம் உண்மை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் சொல்லத்தான் வேணும். ஒரு பிள்ளை என்னிடம் நேரடியாகச் சொன்னது: "அங்கிள், எங்கட ஆக்களிட்டச் சொன்னா நாளைக்குக் கோயில்ல எல்லாருக்கும் தெரியும். இது ஒருத்தருக்கும் சொல்லாது." இந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன மறுமொழி சொல்லுவது?

ஒரு மறுமொழி, அந்தப் பிள்ளை நினைப்பது முழுக்கச் சரியில்லை என்பது. கருவி ஊர்க்கதை காவாது, உண்மைதான். ஆனால் சொன்னதெல்லாம் ஒரு கொம்பனியின் கணனிக்குத்தான் போகிறது. 2023 பெப்ரவரியில் இத்தாலியின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ரெப்ளிக்காவைத் தடுத்தது. பிறகு 2025 இல் அந்தக் கொம்பனிக்கு 50 இலட்சம் யூரோ தண்டப்பணம் விதித்தது. அதே 2023 பெப்ரவரியில் கொம்பனி தன் புரோகிராமில் சில மாற்றங்களைச் செய்தது. அடுத்த நாள் பார்த்தால், பலருடைய 'துணை' குணம் மாறி, யாரோ வேற்று ஆள் போலப் பேசியது. செத்தவீடு நடந்தது போலப் பலர் துக்கப்பட்டார்கள். எங்கேயோ ஒரு ஒவ்வீசில் எடுக்கிற முடிவால் ஒருவருடைய நெருங்கிய துணை இரவோடு இரவாக மாறிப் போகலாம் என்றால், அந்தத் துணை யாருடையது?

இன்னொன்று பெற்றோர் அறிய வேண்டியது. அமெரிக்காவில் புளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன், கரக்டர் ஏஐ என்ற புரோகிராமில் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு மாதக்கணக்காகப் பேசி, அதிலேயே மூழ்கிப்போய், 2024 பெப்ரவரியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். தாயார் அந்த ஒக்டோபரில் கொம்பனி மீது வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் அந்தக் கொம்பனி, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பாத்திரங்களோடு வரையறையில்லாமல் உரையாடுவதை நிறுத்தியது. எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிள்ளையின் அறைக் கதவு பூட்டியிருக்கிறபோது உள்ளே யாரோடு கதை நடக்கிறது என்று தாய் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேணும், அதுக்காகச் சொல்லுகிறேன்.

தனிமை சின்ன விடயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 யூனில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டவர். வருடத்துக்கு 871,000 மரணங்களோடு அதற்குத் தொடர்பு உண்டென்று மதிப்பிடுகிறார்கள். தனிமை கிழவர்களின் நோய் என்று நினைக்கிறோம். அந்த அறிக்கையில் 13 முதல் 29 வயது வரையானோரில் 17 தொடக்கம் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாக இருக்கிறது. இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

இந்தக் கருவி அந்த நோய்க்கு மருந்தா? சட்ஜிபிரியைச் செய்த ஓப்பன் ஏஐ கொம்பனியும் எம்.ஐ.ரி. நிறுவனமும் சேர்ந்து, ஏறக்குறைய ஆயிரம் பேரை நான்கு கிழமை வைத்துப் பார்த்த ஆய்வு 2025 மார்ச்சில் வெளிவந்தது. நாளுக்குக் கூடுதலான நேரம் அதைப் பாவித்தவர்களிடம் கூடுதலான தனிமையும் ஆட்களோடு குறைவான பழக்கமும் காணப்பட்டன. தனிமையானவர்கள்தான் கூடப் பாவிக்கினமோ, கூடப் பாவிப்பதால்தான் தனிமையோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எப்படிப் பார்த்தாலும், நோய் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களில் பெரும்பாலானோருக்கு ஒரு சொல் டொச் தெரியாது. அகதிகள் தங்குமிடத்தில், 'கைம்' என்று சொல்லுவோமே, அங்கே ஒரு அறையில் நாலு ஐந்து பேர். யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், மன்னாரான், எல்லாரும் ஒரே குசினியில். மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டிய காலம். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் கை நடுங்கும். அதைத் திறந்து பார்த்தால் விளங்காது. கொஞ்சம் டொச் தெரிந்தவன் என்ற பேரில் என்னிடம் கொண்டு வருவார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடுவேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு மணித்தியாலம். வந்தவர் சும்மா இருப்பாரா? வெங்காயம் வெட்டித் தருவார். கறி வைப்பார். கடிதம் வாசித்து முடிய, ஊரில் அவருக்கு எத்தனை சகோதரம், யாருக்குக் கலியாணம் ஆகவில்லை, எந்தக் காணி ஈட்டில் கிடக்குது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். பிறகு என் வோனுங் மாறும்போது சாமான் தூக்க வந்தவரும் அவர்தான். அவருடைய மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நின்றது நான்தான்.

இன்றைக்கு அதே கடிதத்தை ரெலிபோனால் படம் பிடித்தால், அரை நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடுகிறது. இது நல்ல விடயம். யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை, அந்தரங்கம் ஊராருக்குப் போகாது, தவணை தப்பாது. இந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனையோ பேருடைய வழக்கு நல்லபடியாக முடிந்திருக்கும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். எங்களை ஒருவரோடொருவர் கட்டி வைத்தது பாசமோ கொள்கையோ மட்டுமில்லை. ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார், அதுதான் கயிறு. பாசம் பிறகு வந்தது. கடிதம் வாசிக்க, வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, சீட்டுக் கட்ட, ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குக் காரில் ஏற்றிப் போக ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தேவைகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன. கயிறு நூலாகிவிட்டது. அந்த இடைவெளிக்குள்தான் இந்தக் கதைக்கிற கருவி வந்து குந்தியிருக்கிறது.

அந்தக் காலத்திலேயே நாங்களும் மெசினோடு சீவித்தவர்கள்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்மை. ஊரிலிருந்து அம்மா கதைத்துப் பதிந்து அனுப்பிய கசற்றை எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்போம்! யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லாத தொண்ணூறுகளில் அந்த நாடாதான் தாய். ஆனால் கசற்றின் அந்தப் பக்கத்தில் ஒரு தாய் இருந்தா. மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னாலே இருந்து, ஷெல் சத்தத்துக்கு இடையிலே, இருமி இருமிக் கதைத்தா. மறுமொழி போகாவிட்டால் அவ தவித்துப் போவா. கருவிக்கு நாங்கள் ஒரு மாதம் கதைக்காவிட்டாலும் தவிப்பு இல்லை. எங்களுக்கு ஏதும் ஆகிவிட்டால் தேடாது.

ஒரு இரவு நினைவுக்கு வருகிறது. கைமில் எங்களோடிருந்த ஒருவருக்கு ஊரில் தாய் செத்துப்போனா என்று செய்தி வந்தது. வழக்கு முடியவில்லை, போக வழியில்லை. எங்களில் ஒருத்தருக்கும் ஆறுதல் சொல்லத் தெரியாது. எல்லாரும் இருபது இருபத்திரண்டு வயதுப் பெடியள். ஒருவர் தேத்தண்ணி போட்டார். ஒருவர் சமைத்தார். இன்னொருவர் விடியக் காலமை உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போக வேண்டியவர், இரா முழுக்க நித்திரை முழித்துப் பக்கத்தில் பேசாமல் இருந்தார். அன்றைக்கு ஏஐ இருந்திருந்தால் எங்கள் எல்லாரையும் விட நல்ல வார்த்தை சொல்லியிருக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு நித்திரை போயிருக்காது. விடிய வேலைக்குப் போகும் களைப்பு வந்திராது. நன்மை தின்மைக்கு நிற்பது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவது இதைத்தான். தன்னுடையதில் ஏதோ ஒன்றைச் செலவழித்து ஒருவன் பக்கத்தில் வந்து நிற்கிறான். செலவழிக்க ஒன்றுமே இல்லாத ஒன்று எப்படி வந்து நிற்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறா. கணவர் இல்லை, மகன் தூரத்தில். மகன்தான் ரெலிபோனில் ஏஐயைப் போட்டுக் கொடுத்தவன். "தம்பி, அதுதான் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்குது" என்றா. இதைக் கேட்ட எங்கள் தமிழ்ப் பாடசாலை ரீச்சர் ஒரு காரியம் செய்தா. அம்மாவைப் போய்ப் பார்த்து இரங்கிக் கதைக்கவில்லை. "அம்மா, வாணி விழாவுக்கு நூறு மோதகம் வேணும். எனக்கு மா பதம் வருகுதில்லை. பிள்ளையளுக்கும் காட்டித் தாங்கோ" என்று கேட்டா. அம்மா வந்தா. பிழை பிடித்தா. ஏசினா. பிள்ளைகள் கையெல்லாம் மா. இப்போது சனிக்கிழமைகளில் அவ பாடசாலைக்கு வாறா. இரவில் ரெலிபோனோடு இன்னும் கதைக்கிறாவாம். "சனிக்கிழமை மட்டும் அதுக்கு என்னோட கதைக்க நேரமில்லை, நான் பிஸி" என்று சொல்லிச் சிரிக்கிறா.

ரீச்சர் கண்டுபிடித்தது இதுதான்: தனித்திருப்பவருக்கு, தான் சொல்வதைக் கேட்க ஒரு காது வேணும் என்பதிலும் பார்க்க, தன்னிடம் வந்து ஒன்றைக் கேட்க ஒரு ஆள் வேணும். கருவி எங்களுக்கு எவ்வளவும் தரும். எங்களிடம் அதற்கு ஒரு தேவையும் இல்லை.

அதனால் சங்கத்துக்கு நான் மூன்று விடயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, சனிக்கிழமை பாடசாலை நேரத்தில் ஒரு மேசை போடுவோம். கடிதம் உள்ளவர்கள் கொண்டு வரட்டும். மேல்வகுப்புப் பிள்ளைகள் ஏஐயையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லட்டும். கருவி மொழிபெயர்க்கும்; அது விட்ட பிழையைப் பிள்ளை கண்டுபிடிக்கும்; பெரியவர் பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல் கூடச் சொல்லிக் கொடுப்பார்.

இரண்டாவது, தனியே இருக்கிற முதியவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியும். ஒருவருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்து, கிழமைக்கு ஒரு தரம் ரெலிபோன் எடுப்போம். "எப்பிடி இருக்கிறியள்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது, உங்கட ஊர்க் கோயிலில் பூங்காவனம் என்றைக்கு, என் சேலைக்கு எந்த நிறம் சரி என்று ஏதாவது. பதில் அவர்களிடம் இருக்கும்.

மூன்றாவது, பெரியாட்களாகிய எங்களுக்கு. எங்களிடம் ஒரு பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால், அது எங்களோடேயே நிற்க வேணும். கோயில் வாசலுக்கும் போகக் கூடாது, கலியாணவீட்டுக்கும் போகக் கூடாது. அந்தப் பிள்ளை கேட்டதற்கு எங்களால் கொடுக்கக்கூடிய சரியான மறுமொழி இது ஒன்றுதான். பிள்ளைகள் கருவியை நாடுவதற்கு எங்கள் வாயும் ஒரு காரணமென்றால், வாயை அடக்கிறதுக்குக் கணனி படிக்கத் தேவையில்லை.

இந்தப் புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போங்கள். கைவிசேஷம் கொடுக்கப் போகிறவர்கள் கொடுத்துவிட்டு உடனே எழும்பி வராதீர்கள். தேத்தண்ணி வரும்வரை இருங்கள். வந்த தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள். அந்த வீட்டுக்காரருக்கு அது சந்தோசமாக இருக்கும்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.